குழந்தை ஏறி ஓட்டும் குட்டி வண்டி: அளவெடுப்பு முதல் சரிவுச் சோதனை வரை

பிடிமானம் இல்லாமல் நடக்கத் தொடங்கிய குழந்தைக்கான வண்டி இது. பெடல் கிடையாது, மோட்டார் கிடையாது. மேலே உட்கார்ந்து இரண்டு காலாலும் தரையை உந்தினால் நகரும். நான்கு சக்கரம், ஒரு பெட்டி, ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். டிரில் மெஷினும் ஜிக்சாவும் ஓரளவு கைவந்தவர்கள் இரண்டு நாளில் முடித்துவிடலாம். பெயின்ட் காயும் நாட்கள் தனிக்கணக்கு.

புதிதாகச் செய்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் மரவேலையில் அல்ல. இருக்கையின் உயரமும் பின் அச்சின் இடமும்தான் காலை வாரிவிடும். இருக்கை 3 செ.மீ. கூடிவிட்டாலே பாதம் பதியாமல் விரல் நுனி மட்டும் தரையைத் தொடும். உந்த வராது, குழந்தை ஏறி இறங்கிவிட்டு வண்டியை மூலையில் விட்டுவிடும். பின் அச்சு இருக்கைக்கு அடியில் போய்விட்டால், குழந்தை சற்றுப் பின்னால் சாய்ந்ததும் வண்டி மல்லாந்துவிடும். யானை முகமா, ரயில் எஞ்சினா என்று யோசிப்பதெல்லாம் இந்த இரண்டும் முடிவான பிறகுதான்.

முதலில் குழந்தையை அளந்துகொள்ளுங்கள்

வெறுங்காலுடன் சுவரோடு சேர்த்து நிற்க வையுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே மெல்ல மேலே தூக்கி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்கவும். இதுதான் உள்கால் அளவு. அதிலிருந்து 6 செ.மீ. கழித்தால் இருக்கையின் உயரம் கிடைக்கும். உள்கால் 30 செ.மீ. என்றால் இருக்கை 24 செ.மீ. உட்காரும்போது பாதம் முழுதும் தரையில் பதிந்து, முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கால் நேராக நீட்டியபடி இருந்தால் உந்துவதற்கு வலு இருக்காது.

ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளுக்கு 20 முதல் 23 செ.மீ. வரையும், இரண்டு வயதில் 25 முதல் 28 செ.மீ. வரையும் பொதுவாகச் சரிப்படும். ஆனாலும் வயதை நம்பாதீர்கள், அளவை நம்புங்கள். ஒரே வயதுக் குழந்தைகளுக்குள் 4 செ.மீ. வரை வித்தியாசம் சாதாரணம். கீழே உள்ள அளவுகள் எல்லாம் 24 செ.மீ. இருக்கைக்கானவை. உங்கள் கணக்கு வேறாக இருந்தால், பக்கப் பலகையில் இருக்கை உட்காரும் பகுதியின் உயரத்தையும் பின்பலகையின் உயரத்தையும் அதே அளவு கூட்டிக் குறையுங்கள். நிமிர்ந்து நிற்கும் பகுதி, முன்பலகை, கைப்பிடித் துளை ஆகியவையும் அதே அளவு மேலோ கீழோ நகரும். மற்றவை மாறாது.

என்னென்ன வேண்டும்

எல்லாப் பலகைக்கும் 18 மி.மீ. பிளைவுட் போதும். 600 × 900 மி.மீ. துண்டு ஒன்றில் அத்தனையும் அடங்கும், மிச்சமும் இருக்கும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம்: விளிம்பில் திருகு ஏறியதும் பிளந்துவிடும், ஈரம் பட்டால் உப்பிவிடும். வெட்ட வேண்டியவை (மி.மீ.):

- அடிப்பலகை: 420 × 160, ஒன்று
- முன் குறுக்குப் பலகை: 280 × 90, ஒன்று
- பின் குறுக்குப் பலகை: 220 × 90, ஒன்று
- பக்கப் பலகை: 320 உயரம் × 270 நீளம், இரண்டு (இதிலிருந்து எல் வடிவம் வெட்டப்படும்)
- முன்பலகை: 320 × 124, ஒன்று
- பின்பலகை: 120 × 124, ஒன்று
- இருக்கை: 210 × 160, ஒன்று
- அச்சுக் கட்டை: 80 × 40 × 30, கெட்டி மரத்தில் இரண்டு

சக்கரங்களில் முன்னால் இரண்டு சுழலும் காஸ்டர் (தகட்டோடு வரும், எந்தத் திசைக்கும் திரும்பும் சிறு சக்கரம்; சக்கரம் 50 மி.மீ.), பின்னால் 100 மி.மீ. விட்டமும் 25 மி.மீ. தடிமனும் உள்ள ரப்பர் விளிம்புச் சக்கரம் இரண்டு. வெறும் பிளாஸ்டிக் சக்கரம் வழவழப்பான தரையில் வழுக்கும், சத்தமும் தாங்காது. பின் அச்சுக்கு 10 மி.மீ. வழவழப்பான எஃகுக் கம்பி 300 மி.மீ. நீளம், வாஷர்கள், கம்பி நுனியில் தட்டி ஏற்றும் குமிழ் மூடி இரண்டு. முழு நீளமும் மரை வெட்டிய கம்பி மலிவு என்று அதை வாங்கிவிட வேண்டாம். அந்த மரை அரம் போலச் சக்கரத்தின் துளையை உள்ளிருந்தே அராவி, சில வாரங்களில் சக்கரம் ஆட்டம் கொடுக்கும்.

கைப்பிடிக்கு 25 மி.மீ. விட்டமுள்ள உருளைக் கம்பு 320 மி.மீ. நீளம். அதன் இரு நுனிக்கும் 40 மி.மீ.க்குக் குறையாத விட்டமுள்ள மர உருண்டை. பிறகு மரப்பசை, 4 × 50, 4 × 40, 4 × 30, 5 × 45 திருகாணிகள், காஸ்டருக்கு எம்6 போல்ட்கள் (30 மி.மீ. நான்கு, 50 மி.மீ. நான்கு), கழலாத நைலாக் நட்கள், 80, 120, 220 எண் உப்புத்தாள்.

நான்கு பக்கமும் சுழலும் காஸ்டர் போடலாமே என்று தோன்றும். போட்டால் வண்டி பக்கவாட்டிலும் வழுக்கிக்கொண்டு போகும். குழந்தை முன்னால் போக உந்தும், வண்டி இடப்பக்கம் நகரும். பின் சக்கரம் திசை மாறாமல் இருப்பதால்தான் நேராகப் போவதும் திரும்புவதும் குழந்தையின் கட்டுக்குள் இருக்கிறது.

அச்சின் உயரக் கணக்கு

முன்னும் பின்னும் வேறு வேறு சக்கரம் என்பதால் வண்டி சமமாக நிற்க ஒரு கணக்கு உண்டு. வாங்கிய காஸ்டரைத் தரையில் நிறுத்தி, தகட்டின் மேல்பரப்பு வரை அளக்கவும். 50 மி.மீ. சக்கரமுள்ள காஸ்டர் அநேகமாக 65 முதல் 72 மி.மீ. வரை வரும். அதிலிருந்து பின் சக்கரத்தின் ஆரத்தைக் கழியுங்கள். காஸ்டர் 66, ஆரம் 50 என்றால் மிச்சம் 16. அச்சுக் கட்டையின் மேல் விளிம்பிலிருந்து 16 மி.மீ. கீழே துளையின் நடுப்புள்ளி வர வேண்டும். காஸ்டர் கையில் வராமல் இந்தத் துளையைப் போடாதீர்கள். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணையும் நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள்.

இருக்கையின் கணக்கையும் இங்கேயே சரிபார்த்துவிடலாம்: காஸ்டர் 66 + குறுக்குப் பலகை 18 + அடிப்பலகை 18 + பக்கப் பலகை 120 + இருக்கை 18 = 240. மேலே மெத்தை வைக்கும் எண்ணம் இருந்தால், குழந்தை உட்கார்ந்து அமுங்கிய பிறகுள்ள அதன் தடிமனைக் கழித்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவதும் துளைப்பதும்

இரண்டு பக்கப் பலகைகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கிளாம்ப் போட்டு, ஒரே வெட்டாக வெட்டுங்கள். முன்பக்கம் 60 மி.மீ. அகலத்துக்கு முழு 320 உயரமும் நிற்கும். மீதி 210 மி.மீ. நீளம் 120 உயரத்துக்கு இறங்கும். எல் வடிவத்தின் உள்மூலையைச் செங்கோணமாக வெட்டினால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். 10 மி.மீ. ஆரத்தில் வளைத்து வெட்டி, இருக்கையின் முன் ஓரத்து அடிப்பக்கத்தை அதற்கேற்ப அராவிக்கொள்ளுங்கள். மேல் முனைகளை எவ்வளவு தாராளமாக உருட்டினாலும் நல்லது. குழந்தையின் முகம் மோதும் இடம் அது.

கிளாம்பைக் கழற்றும் முன்பே கைப்பிடித் துளையையும் போட்டுவிடுங்கள். அடியிலிருந்து 285, முன் விளிம்பிலிருந்து 34 மி.மீ. தூரத்தில் 25 மி.மீ. துளை. அடியில் கழிவுப் பலகை ஒன்று வைத்துத் துளைத்தால் மறுபக்கம் சிராய் கிளம்பாது. இப்படி அமைத்தால் கைப்பிடி இருக்கைக்கு மேல் 15 செ.மீ. அளவில் வரும். அதைவிடத் தாழ்ந்தால் குழந்தை கூன் போட்டு உட்காரும், உயர்ந்தால் கை தூக்கியபடியே ஓட்ட வேண்டிவரும்.

அச்சுக் கட்டைகள் இரண்டையும் அதேபோல் சேர்த்துப் பிடித்து, 80 மி.மீ. பக்கத்தின் நடுவில், மேலிருந்து 16 மி.மீ. கீழே 10 மி.மீ. துளை. டிரில் சற்றே சாய்ந்தாலும் இரண்டு கட்டையிலும் ஒரே சாய்வாகத்தான் இருக்கும். ஆனால் துளைத்த பிறகு ஒரு கட்டையை மட்டும் திருப்பி மாட்டிவிடக்கூடாது. எது முன்பக்கம் என்று இரண்டிலும் பென்சிலால் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

பிளைவுட்டின் விளிம்பில் திருகு ஏற்றும் ஒவ்வொரு இடத்திலும் முன்துளை கட்டாயம். 4 மி.மீ. திருகுக்கு உள்ளே போகும் பலகையில் 3 மி.மீ., மேலே இருக்கும் பலகையில் 4.5 மி.மீ. முன்துளை இல்லாமல் ஏற்றினால் அடுக்குகள் விரியும். அப்போதைக்குக் கண்ணுக்குத் தெரியாது, குழந்தை ஏறிக் குதிக்கும் நாளில் திருகு கையோடு வரும்.

பூட்டும் வரிசை

வரிசை முக்கியம். குறுக்குப் பலகையை முதலில் அடித்துவிட்டால், பெட்டியைக் கீழிருந்து திருக இடம் கிடைக்காது.

முதலில் பெட்டி. பக்கப் பலகைகளுக்கு நடுவே முன்பலகையையும் பின்பலகையையும் பசை தடவி வைத்து, வெளியிலிருந்து 4 × 50 திருகால் இறுக்கவும். முன்பலகை நிமிர்ந்த பகுதியின் முன் விளிம்போடு சமமாக இருக்கட்டும். மூலைமட்டத்தால் கோணம் பாருங்கள். பசை இழுப்பதற்குள் திருத்திவிடலாம், பிறகு முடியாது.

அடுத்து அடிப்பலகை. முன் விளிம்பிலிருந்து 100 மி.மீ. விட்டுப் பெட்டியை வைத்து, சுற்றிலும் பென்சில் கோடு போடவும். அடிப்பலகையின் அடிப்பக்கத்தில் நீள விளிம்பிலிருந்து 9 மி.மீ. உள்ளே கோடு இழுத்தால், அதுதான் பக்கப் பலகையின் நட்டநடு. அந்தக் கோட்டில் பக்கத்துக்கு மூன்று திருகு, கீழிருந்து மேலாக. இப்போது பெட்டியின் பின் ஓரம் 370 மி.மீ. இடத்தில் நிற்கும்.

பிறகு குறுக்குப் பலகைகள். முன்னது அடிப்பலகையின் முன் விளிம்போடும், பின்னது பின் விளிம்போடும் சேரட்டும். பசையும் பலகைக்கு ஆறு 4 × 30 திருகும். முன் குறுக்குப் பலகையில் காஸ்டர் போல்ட்கள் வரும் இடத்தை விட்டுத் திருகவும். அச்சுக் கட்டைகள் பின் குறுக்குப் பலகையின் இரு ஓரத்திலும், அதன் அகலத்தின் நடுவில், ஓரத்தோடு சமமாக உட்காரும். அந்த இடம் அடிப்பலகைக்கு வெளியே இருப்பதால் மேலிருந்தே 5 × 45 திருகு இரண்டிரண்டு போடலாம். திருகு அச்சுத் துளையில் முட்டாமல் இருக்க, துளையின் நடுவிலிருந்து முன்னும் பின்னும் 28 மி.மீ. தள்ளிப் போடவும். இறுக்கும் முன் அச்சுக் கம்பியை இரண்டு கட்டையிலும் நுழைத்து வைத்துக்கொண்டால் இரண்டும் தாமாகவே நேராகிவிடும்.

இப்படிப் பூட்டியதில் அச்சு 375 மி.மீ. இடத்தில், அதாவது இருக்கையின் பின் ஓரத்தைவிடச் சற்றுப் பின்னால் வந்திருக்கும். மல்லாந்து விழாமல் காப்பது இந்த இடைவெளிதான். முதுகுச் சாய்மானம் வைக்க விரும்பினால் அச்சையும் இன்னும் 4, 5 செ.மீ. பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்கேற்ப அடிப்பலகை நீளும். முதல் வண்டிக்குச் சாய்மானம் தேவையில்லை என்பதே நடைமுறை: சாய இடம் இருந்தால் குழந்தை சாயத்தான் செய்யும்.

இருக்கையை மேலிருந்து திருகி, திருகுத் தலைகளைப் பலகைக்குள் அமிழ்த்தி மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கவும். கைப்பிடிக் கம்பைப் பசையோடு நுழைத்து, இருபுறமும் 80 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்தி, நிமிர்ந்த பகுதியின் முன் விளிம்பிலிருந்து 4 × 40 திருகு ஒவ்வொன்று கம்புக்குள் ஏற்றவும். இந்தத் திருகு இல்லாவிட்டால் பசை விட்டதும் கைப்பிடி சுழலும். நுனி உருண்டைகளைப் பசையும் திருகும் சேர்த்துப் பொருத்துங்கள். குழந்தை கைப்பிடியின் மேல் விழுந்தால், மெல்லிய நுனி வயிற்றில் குத்தும். அகன்ற உருண்டை அந்த வேகத்தைப் பரப்பிவிடும்.

தேய்ப்பும் பூச்சும்

சக்கரம் மாட்டும் முன் இந்த வேலையை முடித்துவிட வேண்டும். 80, 120, 220 என்ற வரிசையில் தேய்க்கவும். எல்லா விளிம்புகளும் குறைந்தது 3 மி.மீ. ஆரத்துக்கு உருண்டிருக்கட்டும்; இருக்கையின் நீள விளிம்புகள் தொடையில் உரசுபவை என்பதால் அவற்றுக்கு இன்னும் கொஞ்சம். கையால் தடவிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், பெரியவர் கைத்தோல் தடித்தது. ஒரு பஞ்சு உருண்டையை எல்லா விளிம்பிலும் இழுத்துக்கொண்டே போங்கள். இழை சிக்கி நிற்கும் இடத்தில் சிராய் இருக்கிறது.

பூச்சு எதுவானாலும் குழந்தை அதை நக்கும், கைப்பிடியைக் கடிக்கும் என்று வைத்துக்கொண்டே தேர்வு செய்யுங்கள். பொம்மைகளுக்கு ஏற்றது, ஈயம் சேராதது என்று டப்பாவில் தெளிவாக எழுதியிருக்கும் நீர்வகைப் பெயின்ட் நல்லது. வீட்டில் கிடக்கும் பழைய டப்பாவை ஒருபோதும் எடுக்க வேண்டாம். மெல்லிய பூச்சாக இரண்டு முறை போதும். தடிமனாக ஒரே முறை பூசினால் மேல் தோல் காய்ந்து உள்ளே பிசுபிசுப்பாகவே இருக்கும். தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும், ஆனால் முழுதாக இறுக இரண்டு, மூன்று வாரம்கூட ஆகலாம். டப்பாவில் சொன்ன நாள் கடந்து, வாசனையும் அறவே போன பிறகு கொடுங்கள்.

சக்கரம் மாட்டுதல்

பின் அச்சு கட்டையில் இறுக்கமாக இருக்க வேண்டும், சக்கரங்கள் மட்டும் அதன் மேல் தனித்தனியாகச் சுழல வேண்டும். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடும். இரண்டையும் அச்சோடு சேர்த்துப் பூட்டிவிட்டால் ஒன்று இழுபடும், வண்டி திரும்ப மறுக்கும். கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே மொத்தம் 3 மி.மீ. வரும்படி வாஷர், சக்கரத்துக்கு வெளியே ஒரு வாஷர், பிறகு மூடி. ஒருமுறை தட்டி ஏற்றிய மூடியைக் கழற்றினால் அதன் பிடி போய்விடும், மறுபடி புதிதுதான். ஆகவே மூடி இல்லாமல் எல்லாவற்றையும் கோர்த்துப் பார்த்து, கம்பி மூடிக்குத் தேவையான அளவு மட்டுமே நீட்டுகிறதா என்று கண்டு, அதிகமானதை அறுத்து நுனியை அராவிய பின் தட்டுங்கள்.

அந்த 3 மி.மீ.க்குக் காரணம் உண்டு. அசையும் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 5 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது 12 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். நடுவில் உள்ள அளவுகளில்தான் குழந்தையின் விரல் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

காஸ்டர்களின் நடுப்புள்ளிகள் 180 மி.மீ. இடைவெளியில் இருக்கட்டும். வெளிப்பக்கத் துளைகளுக்கு 30 மி.மீ. போல்ட் போதும், உள்பக்கத் துளைகள் அடிப்பலகையையும் சேர்த்துத் துளைத்துப் போகும் என்பதால் அங்கே 50 மி.மீ. தலை மேலே, நட் கீழே. சக்கரத்தை முழுவட்டம் சுழற்றி, நட்டிலோ பக்கத்துச் சக்கரத்திலோ உரசாததை உறுதி செய்துகொள்ளுங்கள். காஸ்டர்களை இன்னும் நெருக்கி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அவை உள்நோக்கித் திரும்பும் நேரத்தில் வண்டியின் முன்தாங்கல் குறுகி, பக்கவாட்டில் கவிழும்.

சமதரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஒரு சக்கரம் தரையைத் தொடாமல் லொடலொடத்தால், முன்னால் தரையைத் தொடாமல் தூக்கி நிற்கும் காஸ்டரின் தகட்டுக்கு மேலே மெல்லிய வாஷர் கொடுத்தால் சரியாகிவிடும்.

குழந்தை ஏறும் முன் சோதனை

இருக்கையில் 25 கிலோ எடையை ஐந்து நிமிடம் வைத்திருங்கள். எங்கும் முனகல், விரிசல், வளைவு கூடாது. அண்ணனோ அக்காவோ ஏறாமல் இருக்கப்போவதில்லை என்பதால் 40 கிலோ வைத்தும் பார்ப்பது நல்லது.

அடுத்தது சரிவு. ஒரு மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையை 17 செ.மீ.க்குச் சற்று மேல் தூக்கினால் 10 டிகிரி சரிவு கிடைக்கும். குழந்தையின் எடையுள்ள மணல் பையை இருக்கையில் நிமிர்த்திக் கட்டி, வண்டியைச் சரிவுக்குக் குறுக்காக நிறுத்துங்கள். சக்கரம் உருளாமல் ஒரு சட்டத்தால் தடுத்துக்கொள்ளுங்கள். பிறகு முகம் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் வைத்துப் பாருங்கள். காஸ்டர்களை உள்நோக்கித் திருப்பி வைத்தும் ஒருமுறை. எந்த நிலையிலும் கவிழக்கூடாது. பக்கவாட்டில் கவிழ்ந்தால் முன் குறுக்குப் பலகை குறுகலாக இருக்கிறது. பின்னால் கவிழ்ந்தால் அச்சு முன்னால் வந்துவிட்டது.

கடைசியாக, உருண்டை, மூடி, ஒட்டிய கண், மூக்கு எல்லாவற்றையும் முழு பலத்தோடு பிடித்து இழுத்துப் பாருங்கள். பொம்மைச் சோதனைகளில் 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளை ஒன்று பயன்படுகிறது. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மையிலிருந்து கழன்று வரும் எதுவும் அதற்குள் முழுதாக அடங்கக்கூடாது. அடங்கினால் தொண்டையிலும் அடைக்கும். அலங்காரத்தை ஒட்டுவதைவிட வரைந்துவிடுவது மேல்.

ஓடத் தொடங்கிய பின்

குதிகால் பின் சக்கரத்தில் இடிக்கிறதா என்று முதல் நாளே கவனியுங்கள். இந்த அளவுகளில் முன் குறுக்குப் பலகைக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 23 செ.மீ.க்கு மேல் காலியிடம் இருக்கிறது. அப்படியும் இடித்தால் குழந்தை இருக்கையின் பின்கோடியில் உட்காருகிறது என்று பொருள். இருக்கையின் பின் ஓரத்தில் 40 மி.மீ. உயரத்தில் சிறு தடுப்புச் சட்டம் ஒன்று வைத்தால் முன்னால் வந்துவிடும். அது சாய்மானம் ஆகிவிடாத உயரம்.

காஸ்டர் கிறீச்சிட்டால் முதலில் எண்ணெய் தேடாதீர்கள். பெரும்பாலும் முடியும் நூலும் சுற்றியிருக்கும். ஊசியால் எடுத்தாலே சரியாகும். பின் அச்சுக்கும் எண்ணெய்க்குப் பதில் மெழுகு தேய்ப்பது நல்லது, எண்ணெய் தூசியைச் சேர்த்து மசியாக்கிவிடும். 50 மி.மீ. சக்கரம் 1 செ.மீ. உயர வாசற்படியில்கூடத் தட்டி நின்றுவிடும், குழந்தையோ நிற்காமல் முன்னால் போய்விடும். வீட்டில் அப்படிப்பட்ட படிகள் அதிகம் என்றால் 75 மி.மீ. காஸ்டர் வாங்கி அச்சுக் கணக்கையும் இருக்கை உயரத்தையும் மறுபடி போடுங்கள். மாடிப்படியின் வழி அடைக்கப்பட்டிருக்க வேண்டும், சரிவான வெளித்தரையில் விடவே கூடாது. இதில் பிரேக் இல்லை.

இது நடைவண்டி அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். எழுந்து நிற்கப் பழகும் குழந்தை இதைப் பிடித்து எழுந்தால், வண்டி சறுக்கிக்கொண்டு ஓடிவிடும்.

மாதம் ஒருமுறை நட்களையும் அச்சு மூடியையும் அசைத்துப் பாருங்கள். முழங்கால் மார்பை நோக்கி ஏறத் தொடங்கினால் இருக்கை தாழ்ந்துவிட்டது. இருக்கையைக் கழற்றி, அடியில் அதே அளவில் 18 மி.மீ. பிளைவுட் ஒன்று வைத்து, அதற்கேற்ற நீளத் திருகால் மறுபடி பூட்டலாம். இரண்டு அடுக்கு வரை கைப்பிடி உயரம் ஈடுகொடுக்கும். உயரம் கூடினால் கவிழும் வாய்ப்பும் கூடும் என்பதால் ஒவ்வொரு அடுக்குக்கும் சரிவுச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும், இப்போதைய எடையோடு.